கீழ்வீட்டு வாடகைக்காரி

யோகேந்திரனின் கண் ஒரு கட்டடத்தில் விழுந்தால் முதலில் பறிபோவது லோகநாயகியின் குசினிதான். ஏழு வருடத்தில் மூன்று குசினிகள் போயிருந்தன. 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம், மொன்றியலில், வாசல் படியில் இறுகிக் கிடந்த பனிக்கு அவள் உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள். யோகேந்திரன் காரை விட்டு இறங்கி, சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"சென்ட் லோரன்டில ஒண்டு பாத்தனான். நாலு வீட்டுக் கட்டடம். விலையும் பரவாயில்லை."

லோகநாயகி உப்பு வாளியைக் கீழே வைத்தாள். "எனக்கு ஏலாது" என்றாள்.

"வையும், நான் போடுறன் உப்பு."

"உப்பைச் சொல்லேல்லை. திரும்பவும் வீடு மாற எனக்கு ஏலாது."

"இதோட சரி நாயகி. இதுதான் கடைசி."

ரொக்ஸ்பரோவுக்குப் போனபோதும் அதுதான் கடைசி. அங்கிருந்து இந்த நோத்ர-டாம்-த-கிரேஸ் வீட்டுக்கு வந்தபோதும் கடைசி. யோகேந்திரன் மனதறிந்து பொய் சொல்கிற மனிதர் இல்லை. சொல்லும் நேரத்தில் அவர் அதை முழுதாக நம்பித்தான் சொல்வார். கோளாறே அங்கேதான் இருந்தது. பொய்யென்றால் சண்டை பிடிக்கலாம், நம்பிக்கையோடு யார் சண்டை பிடிப்பது?

அவர் வீடு வாங்கும் முறை இதுதான். வாங்குகிறவர் தானே குடியிருக்கப் போகும் கட்டடம் என்றால் சிறிய முற்பணத்தோடு வங்கி கடன் கொடுக்கும். வாடகைக்கு விடுவதற்கென்றே வாங்கினால் பெரிய தொகை கையில் வேண்டும். பெரிய தொகை எந்தக் காலத்தில் கையில் இருந்தது? ஆகவே ஒவ்வொரு முறையும் குடியிருக்கப் போவதாகக் கையெழுத்து வைப்பார். சொன்னபடி மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய்க் குடியிருக்கவும் செய்வார். புதிய கட்டடத்தில் எந்த வீட்டை ஒருவரும் வாடகைக்கு எடுக்க மாட்டார்களோ, அதற்குள் குடும்பம் போகும். இரண்டு வருடம் சுரண்டி, பூசி, பைப் மாற்றி, பெயின்ட் அடித்து அதை ஒரு வீடாக்குவார்கள். வீடாகிவிட்டால் அது வாடகைக்குப் போகத் தகுதியாகிவிடும். வாடகைக்குப் போய்விடும். அதற்குள் அதன் விலையும் ஏறியிருக்கும். ஏறிய விலையைக் காட்டிக் கடனைக் கூட்டி எடுத்து, அடுத்த கட்டடத்துக்கு முற்பணம் வைப்பார். குடும்பம் அடுத்த பழுதுக்குள் போகும்.

இப்படித்தான் சென்ட் லோரன்டில் இரண்டு வீட்டுக் கட்டடம் ஒன்று, ரொக்ஸ்பரோவில் மேலும் நிலக்கீழுமாக இரண்டாக விடும் ஒரு வீடு, இங்கே மூன்று மாடியில் மூன்று வீடு என்று, தாங்கள் இருக்கும் வீடு போக ஆறு வாடகை வீடுகள் சேர்ந்தன. கோயிலில் சனம் யோகேந்திரனை "முதலாளி" என்று கூப்பிடும். முதலாளியின் மனைவி சென்ட் லோரன்டில் மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் குளிசைப் பெட்டி அடைக்கிறாள். வேலை முடிந்து வரும் பஸ்ஸிலேயே நித்திரையாகி, இறங்கும் இடத்தைத் தாண்டிப் போய், எதிர்ப் பக்கம் நின்று திரும்பி வருவாள். வந்தால் மாடிப் படி கூட்ட வேண்டும். குழாய் ஒழுகுது, சூடு வரேல்லை, பக்கத்து வீட்டுக்காரன் சத்தம் போடுறான் என்று வரும் தொலைபேசிக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். இரவு வகுப்புக்குப் போய் பிரெஞ்சு படித்தது அவள்தான் என்பதால் வாடகைக்காரர் எல்லாரும் அவளையே கூப்பிட்டார்கள். படித்தது பிழையாய்ப் போயிற்று என்று அவள் பல முறை நினைத்ததுண்டு.

யோகேந்திரனிடம் ஒரு சட்டம் இருந்தது: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. நாளைக்கு வாடகைக்கு விடும்போது ஓட்டை அடைக்க வேண்டும், பெயின்ட் அடிக்க வேண்டும், வீண் வேலை. ஏழு வருடமாகச் சுவாமிப் படங்கள் அலுமாரித் தட்டில் சாய்ந்து நின்றன. லோகநாயகியின் தகப்பன் ஆறுமுகத்தின் படம் துணி சுற்றிப் பெட்டிக்குள் கிடந்தது. கலியாணப் படம் எந்தப் பெட்டியில் என்று ஒருவருக்கும் ஞாபகமில்லை.

அவர் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குடி இல்லை, சூது இல்லை, கை நீட்டுகிற பழக்கம் இல்லை. பகல் முழுக்கக் களஞ்சியத்தில் பெட்டி தூக்கிவிட்டு, மாலையில் தன் கட்டடங்களில் குனிந்து குழாய் பூட்டுவார். ஊரில், பலாலிப் பக்கத்தில் தகப்பன் கட்டிய வீட்டை விட்டு அரை மணித்தியாலத்தில் எழும்பச் சொன்னது ஆமி. எழும்பினார். மொன்றியலுக்கு வந்து தனியே இருந்த முதல் அறையிலும், ஒரு மாசி மாதம், வீட்டுக்காரன் தன் மருமகனுக்கு வேணும் என்று எழும்பச் சொன்னான். சட்டம் தெரியாது, பாஷை தெரியாது. பனிக்குள் பையோடு எழும்பினார். அன்றைக்குத் தொடங்கியது இந்தப் பைத்தியம். இனி ஒருத்தனும் தன்னை எழும்பு என்று சொல்லக் கூடாது என்றுதான் அவர் கட்டடம் கட்டடமாக வாங்கினார். லோகநாயகிக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தபடியால்தான் மூன்று முறை வாய் திறக்காமல் பெட்டி கட்டினாள்.

ஆனால் இந்த வீடு வேறு. பின்னேரம் குசினி யன்னலால் வெயில் வந்து நிலத்தில் விழும். கோடை விடுமுறை இரண்டு கிழமையையும் செலவழித்து, அவளும் மகள் ஆர்த்திகாவும் முழங்காலில் நின்று அந்த நிலத்துக்கு ஓடு பதித்தார்கள். முழங்கால் இன்றைக்கும் நோகிறது. இங்கே வந்த பிறகுதான் பல வருடத்துக்குப் பின் அவளுக்கு ஒழுங்காக நித்திரை வந்தது. நாற்பத்தெட்டு வயதில் ஒரு மனுசிக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அவளுக்கு இந்த வீட்டில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அடுத்த ஞாயிறு யோகேந்திரன் அவளையும் ஆர்த்திகாவையும் புதுக் கட்டடம் பார்க்கக் கூட்டிப் போனார். நாலில் மூன்று வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். காலியாகக் கிடந்தது நிலக்கீழ் வீடு. கதவைத் திறந்ததும் ஈர மணம் மூக்கில் அடித்தது. குசினியில் யன்னலே இல்லை. ஆர்த்திகா வாசலிலேயே நின்றாள். உள்ளே ஒரு அடியும் வைக்கவில்லை.

"ரெண்டு வருசத்தில பாரும், இதை எப்பிடி ஆக்கிறன் எண்டு" என்றார் யோகேந்திரன். அவர் முகம் மலர்ந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்து லோகநாயகிக்குக் கோபம் கூட வரவில்லை, களைப்புத்தான் வந்தது.

கடன் எடுத்துக் கொடுக்கும் சரத், கழுத்துப் பட்டியும் இரண்டு கைத்தொலைபேசியுமாகத் திரியும் கெட்டிக்காரன், ஒரு விசயத்தில் பிடியாக நின்றான். "அண்ணை, நீங்கள் விட்டுட்டுப் போற கீழ் வீட்டுக்குக் கையெழுத்து வைச்ச லீஸ் வேணும். அந்த வாடகை வருமானமாக் காட்டினாத்தான் கடன் சரிவரும்."

சரத்துக்கு இது புதிதில்லை, யோகேந்திரனுக்கும் புதிதில்லை. ஆள் கிடைக்காத காலத்தில் கடதாசிக்கு ஆள் பிடிப்பது அவர்களுடைய வழக்கம். லோகநாயகியின் ஒன்றுவிட்ட அண்ணன் அரியரத்தினம் பதினைந்து வருடமாக ரொறன்ரோவில்தான் இருக்கிறார். ஆனால் கடதாசியில் அவர் மொன்றியலில் ஒரே நேரத்தில் இரண்டு வீடுகளில் குடியிருந்தார். மச்சான், மைத்துனி, கூடப் படித்தவன் என்று யாருடைய பெயரும் அவசரத்துக்கு உதவும். கடதாசிக்கு என்று சொன்னால் போதும், கேட்கிறவர்கள் என்ன ஏது என்று கேட்காமல் கையெழுத்து வைப்பார்கள். அந்த லீஸ்களை எழுதியதும் லோகநாயகிதான். கெபெக்கில் அதற்கென்று அச்சடித்த படிவம் டெப்பனர் என்கிற மூலைக் கடையில் விற்கும். வாங்கி வந்து, பிரெஞ்சில் நிரப்பி, விரல் வைத்துக் காட்டுவாள். யோகேந்திரன் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்து வைப்பார்.

ஆனால் இந்த முறை நிசமான ஆட்களே கிடைத்தார்கள். சித்திரை மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தமிழ்நாட்டிலிருந்து வந்து கொம்பியூட்டர் கொம்பனியில் வேலை செய்யும் பிரவின்குமாரும் மனைவி தேவிகாவும் வீடு பார்க்க வந்தார்கள். யோகேந்திரன் ரொக்ஸ்பரோவில் கூரை பார்க்கப் போயிருந்தார். லோகநாயகி தன் வீட்டைத் தானே அறை அறையாகத் திறந்து காட்டினாள். தன் அலுமாரி, தன் கட்டில், தன் போர்வை. வந்தவர்கள் மரியாதையாக எட்டி நின்று பார்த்தார்கள்.

குசினிக்குள் வந்ததும் தேவிகா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அந்த ஓட்டில் நின்றாள். "ஆன்ட்டி, ரொம்ப அழகா இருக்கு. யாரு போட்டாங்க?"

"நானும் மகளும் பதிச்சது."

"நீங்களேவா! ஆன்ட்டி, இந்த பில்டிங் உங்களோடதுதானே?"

"ஓம்."

"அப்புறம் ஏன் ஆன்ட்டி நீங்க காலி பண்றீங்க?"

அந்தப் பெண் குத்திக் கேட்கவில்லை. விளங்காமல்தான் கேட்டாள். லோகநாயகி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வங்கி, முற்பணம், விலையேற்றம் எல்லாம் நாக்கில் வந்து நின்றது, ஒன்றும் வெளியே வரவில்லை. யாராவது இந்தக் கேள்வியைத் தன்னிடம் கேட்டார்களா என்று யோசித்தாள். ஒருவரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டதில்லை.

பிரவின்குமார் காசோலைப் புத்தகத்தை வெளியே எடுத்தான். "எங்களுக்கு ஓகே ஆன்ட்டி. சாருக்கு ஒரு போன் பண்ணிட்டு இப்பவே சைன் பண்ணிடலாமா?"

"இது குடுத்தாச்சு தம்பி" என்றாள் லோகநாயகி.

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே தெரிந்தது.

"என்ன ஆன்ட்டி சொல்றீங்க? இப்பதானே சுத்திக் காட்டினீங்க?"

"காலமை ஒரு மனுசி வந்து எடுத்திட்டா. உங்களை வரச் சொல்லிப்போட்டு எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை. குறை நினையாதேங்கோ. இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

அவர்கள் தேநீர் குடிக்காமல் போனார்கள். பிரவின்குமாரின் முகத்தில் கடுப்புத் தெரிந்தது, அதில் பிழை இல்லை. லோகநாயகி கதவைச் சாத்திவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்தாள். வாடகை விசயத்தில் கணவன் சொல்லி எத்தனையோ பொய் எழுதியிருக்கிறாள். தனக்கென்று ஒரு பொய் சொன்னது இதுதான் முதல் தடவை. யாரந்த மனுசி என்று யோகேந்திரன் கேட்டால் என்ன சொல்வது?

அவள் அப்படியே இருக்கும்போது மேல் மாடி அக்னெஸ் வந்து கதவைத் தட்டினாள். அக்னெஸ் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்யும் கெபெக்காரி, லோகநாயகியின் வயதுதான் இருக்கும். பத்தொன்பது வருடமாக அதே வீட்டில் இருக்கிறாள். அதற்குள் கட்டடம் மூன்று கை மாறிவிட்டது. அவளை எழுப்பினால் இரட்டை வாடகைக்கு விடலாம் என்று யோகேந்திரன் வந்த நாள் முதல் பார்க்கிறார். நடக்கவில்லை. ஒழுங்காக வாடகை கட்டுகிறவரை இந்த ஊரில் எழுப்புவது லேசில்லை. வாடகை வழக்குப் பார்க்கும் ரெஜி மன்றத்துக்குப் போனாலும் அவர்கள் வாடகைக்காரர் பக்கம்தான் முதலில் பார்ப்பார்கள் என்று சரத்தே சொல்லிவிட்டான்.

அக்னெஸ் அடுத்த வருட லீஸ் கடதாசியைக் கொடுத்தாள். தொடர்ந்து இருக்கிறேன் என்ற கட்டத்தில் பேனையால் பெரிதாகக் கோடு போட்டிருந்தாள். "நான் இருக்கிறேன் லோகா" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரித்தாள். "நீங்கள் போகிறீர்களாமே? எனக்குக் கவலை."

அக்னெஸ் மேலே ஏறிப் போகும் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. லோகநாயகி கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆடி முதலாம் திகதி, ஜூலை பிறக்கிற அன்று, இந்தக் கட்டடத்தை விட்டுப் போகிறவள் கட்டடச் சொந்தக்காரரின் மனைவி. மேலே இருப்பவள் இருப்பாள், நடு மாடியில் இருப்பவர்களும் இருப்பார்கள். இத்தனை வருடம் எல்லாருக்கும் லீஸ் எழுதிக் கொடுத்தவள், எழுதாத ஒரே ஒரு ஆளை அப்போதுதான் கண்டாள்.

அன்று மாலை சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து யோகேந்திரன் கேட்டார். "வந்தவையே அந்தப் பிள்ளையள்?"

"வந்தவை. சரிவரேல்லை."

"வாடகை கூடவாமோ?"

"வேற இடம் பாக்கினமாம்."

"சரத் வெள்ளிக்கிழமைக்குள்ள லீஸ் கேக்கிறான். இல்லாட்டிக் கட்டடம் கை நழுவிப் போயிடும்." அவர் குழம்பை ஊற்றிக்கொண்டு யோசித்தார். "அரியரத்தினத்தாரிட்ட ஒருக்காக் கேப்பமோ?"

"அரியண்ணை ஏற்கெனவே ரெண்டு வீட்டில இருக்கிறார்."

"ஓமென்ன."

"என்ர பேரில எழுதுறன்" என்றாள் லோகநாயகி.

யோகேந்திரனின் கை வாய்க்குப் போகும் வழியில் நின்றது. "உம்மட பேரிலயோ?"

"இஞ்சத்தைக் கடதாசியில என்ர பேர் லோகநாயகி ஆறுமுகம். உங்கட பேரே அதில வராது. கடன் எல்லாம் உங்கட தனிப் பேரில கிடக்கு. என்னட்டைச் சம்பளத் துண்டு இருக்கு. மாசம் மாசம் வாடகையும் என்ர கணக்கில இருந்து உங்கட கணக்குக்கு வரும். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேலாது."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் காதலே இருந்தது. "எட, இவ்வளவு நாளும் இந்த மூளையை எங்க வைச்சிருந்தனீர்?" என்று சொல்லி இன்னொரு அகப்பை சோறு போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை அவள் படிவத்தை மேசையில் விரித்து நிரப்பினாள். பன்னிரண்டு மாதம், ஆடி முதலாம் திகதி தொடக்கம். பிரவின்குமாருக்குச் சொன்ன அதே வாடகை, ஒரு டொலரும் குறைக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு, "ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ" என்றாள்.

"நீர் எழுதினாச் சரிதானே."

"நானும் ஆர்த்திகாவும் இந்த வீட்டில இருக்கப்போறம் எண்டு எழுதியிருக்கிறன்."

"எழுதும், எழுதும். எங்க கையெழுத்து?"

அவள் விரல் வைத்துக் காட்டினாள். அவர் வைத்தார். இதைவிட வெளியாக எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பனிக்குள் நின்று ஒரு முறை சொன்னாள். சோற்றோடு ஒரு முறை சொன்னாள். கடதாசியில் எழுதி, வாயாலும் சொன்னாள். வங்கிக்கு யோகேந்திரன் இதுவரை கொடுத்த கடதாசிகளில் வரிக்கு வரி உண்மையானது அது ஒன்றுதான். அவர் மட்டும்தான் அதை நம்பவில்லை.

வைகாசி மாதம் கடன் சரிவந்தது. அன்று அவள் வேலையால் வரும் வழியில் ஒரு பெட்டி ஆணி வாங்கி வந்தாள். குசினிச் சுவரில் முதலாவது ஆணியை அடித்தபோது பூச்சு உதிர்ந்து நிலத்தில் கொட்டியது. சத்தம் கேட்டு யோகேந்திரன் ஓடி வந்தார்.

"என்ன செய்யிறீர்? வாடகைக்குக் குடுக்கிற வீட்டில ஆணி அடிக்கிறீரே?"

"வாடகைக்காரிதான் அடிக்கிறாள்" என்றாள் லோகநாயகி.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வேலையிடத்தில் போய்ச் சொல்லியும் சிரித்திருக்க வேண்டும். ஆறுமுகம் சுவரில் ஏறி நின்று, ஏழு வருடத்துக்குப் பிறகு தன் மகளின் குசினியைப் பார்த்தார்.

ஆனி மாதம் நொத்தாரிசு கந்தோரில் புதுக் கட்டடத்தின் உறுதிப் பத்திரம் எழுதி முடிந்தது. அதற்குப் பிறகு யோகேந்திரன் பெரும்பாலும் புதுக் கட்டடத்தில்தான் நின்றார். ஈரச் சுவரை உடைத்தார், பைப்பை மாற்றினார், களைத்து வந்து சாப்பிட்டுவிட்டு விழுந்து படுத்தார். வீட்டில் யார் எந்தப் பெட்டியைக் கட்டுகிறார்கள் என்று பார்க்க நேரமில்லை. அவருக்கு அது எப்போதும் தானாக நடந்து முடிகிற வேலை.

லோகநாயகி சில நாட்களில் தன்னையே கேட்டாள். இருபது வருடம் ஒன்றாகச் சீவித்த மனிதனுக்கு இப்படிச் செய்யலாமா? அவருடைய பெனியன்களை மடித்துப் பெட்டியில் அடுக்கும்போது அழுகை வந்தது, அழுதாள். சென்ட் லோரன்டுக்கே போய்த் தொலைவோம், இன்னும் இரண்டு வருடம்தானே என்றும் நினைத்தாள். அப்போது முழங்கால் வலிக்கும். அந்த நிலக்கீழ் வீட்டின் மணம் நினைவுக்கு வரும். பெட்டியை ஒட்டி, மேலே "அப்பா" என்று எழுதி ஒரு பக்கத்தில் வைப்பாள். ஆர்த்திகாவுக்கு எல்லாம் தெரியும். பள்ளிக்கூடம் நாலு மாறிய பிள்ளை அவள். விசயத்தைச் சொன்னபோது வந்து தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆடி முதலாம் திகதி மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும். லீஸ்கள் எல்லாம் முந்தின நாளோடு முடிவதால் தெருவெல்லாம் லொறியும் மெத்தையுமாகக் கிடக்கும். அந்த வருடம் அது சனிக்கிழமை. காலை எட்டு மணிக்கு நீக்கிலாப்பிள்ளை தன் லொறியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். யோகேந்திரன் குடும்பத்தின் சாமான்களை ஒவ்வொரு முறையும் ஏற்றி இறக்கியவர் அவர்தான். எந்தச் சாமான் எந்தக் கதவால் நுழையாது என்றுகூட அவருக்குத் தெரியும்.

ஒரு மெத்தை, ஒரு சின்ன மேசை, ஒரு கதிரை, குழாய் பூட்டும் ஆயுதப் பெட்டி, ஏழு கடதாசிப் பெட்டிகள். கால் மணித்தியாலத்தில் ஏற்றி முடிந்துவிட்டது. நீக்கிலாப்பிள்ளை வெறுமையாகக் கிடந்த லொறியைப் பார்த்தார். "தங்கச்சி, மிச்சச் சாமான் எங்க?"

"அவ்வளவுதான் அண்ணை."

யோகேந்திரன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். குசினியில் கோப்பைகள் அடுக்கிலேயே இருந்தன. சுவாமிப் படங்கள் சுவரில் தொங்கின. ஆர்த்திகா தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். அவர் திரும்பி வாசலுக்கு வரும்போது முகம் மாறியிருந்தது.

"நாயகி, இன்னும் கட்டேல்லையே? லொறி நிக்குதல்லோ."

"என்ர சாமான் இஞ்சதான் நிக்கும்."

"என்ன பகிடி இது?"

"பகிடி இல்லை. லீஸ் எழுதினது நான், கையெழுத்து வைச்சது நீங்கள்."

"அது கடதாசிக்கெல்லோ!"

"நீங்கள் கடதாசிக்கு வைச்சனீங்கள். நான் உண்மையாத்தான் எழுதினனான். அண்டைக்கே சொன்னனான், நானும் பிள்ளையும் இருக்கப்போறம் எண்டு."

நீக்கிலாப்பிள்ளை லொறிக்குள் ஏறி, இல்லாத சாமானை ஒழுங்காக அடுக்கத் தொடங்கினார். யோகேந்திரன் குரலைத் தணித்தார். "சனம் என்ன கதைக்கும்? புருசனை விட்டுட்டு இருக்கிறாள் எண்டெல்லே கதைக்கும்."

"நான் உங்களை விடேல்லை. வீட்டைத்தான் விடேல்லை. வங்கிக்கு அங்க இருப்பன் எண்டு எழுதிக் குடுத்தது நீங்கள், நீங்கள் போய் இருங்கோ. வாடகைக் காசோலை இண்டைக்கே தாறன். உங்களுக்கு ஒரு சதமும் நட்டமில்லை."

அந்தக் கணக்கில் எந்தப் பிழையும் கண்டுபிடிக்க முடியாமல் அவர் நின்றார். அந்த நிற்பு அவளைச் சுட்டது. சொல்லாமலே விட்டுவிடலாம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். ஆனால் சொல்லாமல் அனுப்பினால் அவர் இதை ஏதோ பெண்பிள்ளைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு போவார்.

"ஒருத்தனும் எங்களை எழும்பு எண்டு சொல்லக் கூடாதெண்டுதானே இவ்வளவையும் வாங்கினனீங்கள்?" என்றாள். "இந்த ஊரில நான் வந்து பன்னிரண்டு வருசம். ஒரு வீட்டுக்காரனும் என்னை எழும்பு எண்டு சொன்னதில்லை. நாலு தரமும் எழுப்பினது நீங்கள் ஒராள்தான்."

யோகேந்திரன் வாசல் படியில் இருந்தார். தெருவில் யாரோ ஒரு குளிர்பெட்டியைக் கயிறு கட்டி மாடியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கழுத்துப் பின்புறம் வெயிலில் கறுத்து, நரைத்த மயிரோடு கிழடு தட்டியிருந்தது. லோகநாயகிக்கு அதைத் தொட வேண்டும் போல் இருந்தது. தொட்டால் பெட்டி கட்டத் தொடங்கிவிடுவாள் என்று பயமாகவும் இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

நீக்கிலாப்பிள்ளை மெல்ல ஒரு தரம் ஹோர்ன் அடித்தார்.

யோகேந்திரன் எழும்பிக் காற்சட்டையைத் தட்டினார். வீட்டுச் சாவி அவர் கையில் இருந்தது. "சாப்பாட்டுக்கு வரலாம்தானே?" என்று கேட்டார். "இரவைக்கு வாறன்."

"இரவைக்கு ஏலாது. வீட்டுக்காரர் வாடகைக்காரரிட்ட வாறதெண்டா இருபத்துநாலு மணித்தியாலத்துக்கு முந்திச் சொல்ல வேணும். அதுதான் சட்டம்."

அவள் சிரிப்பாள் என்று அவர் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப நாளைக்கு வரட்டே?"

"ஓம், வாங்கோ" என்றாள் லோகநாயகி. "மத்தியானம் மூண்டு மணிக்குப் பிறகு வாங்கோ. அதுவரைக்கும் நான் நித்திரை கொள்ளப்போறன்."